அப்பா போட்ட தையல்: டாம் ஸ்டாப்பர்ட் குடும்பத்தின் கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

என் அம்மாவிடம் பழைய கதை எதையாவது கேட்டால் "ச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். போர் முடிந்து, ஏழெட்டு வயதில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். இறங்கியபோது பாட்டி இருந்தார், பெரியம்மா இருந்தார், தாத்தா இல்லை. ஏன் இல்லை என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. போன தை மாதம் அம்மா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவை ஒழித்தபோது பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. வேட்டி சட்டையில் ஓர் ஆள், பக்கத்தில் முக்காலியில் ஒரு பூச்சாடி. பின்னால் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

அதற்குப் பிறகு இந்த மாதிரி கதைகளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ அப்பாவோ எதையும் சொல்லாமல் இறந்து, பிள்ளைகள் அப்புறம் தேடிப் போன கதைகள். அவற்றில் ஒன்று என்னை விடவே இல்லை. அதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

யார் இவர்

டாம் ஸ்டாப்பர்ட் ஆங்கில நாடக உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. ஷேக்ஸ்பியரின் காதலைக் கற்பனையாகச் சொன்ன படத்துக்குத் திரைக்கதை எழுதியதற்காக 1999இல் ஆஸ்கர் வாங்கிய இருவரில் ஒருவர். 1997இல் சர் பட்டம் பெற்றார். இங்கிலாந்துக்காரர்களே பொறாமைப்படும் அளவுக்கு ஆங்கிலம் எழுதியவர், கிரிக்கெட் பைத்தியம், பார்ப்பவர்களுக்கு அசல் ஆங்கிலேயர். ஆனால் 1937 ஜூலை 3 அன்று அவர் பிறந்தது செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லீன் என்ற ஊரில். வைத்த பெயர் தோமாஷ் ஸ்ட்ராய்ஸ்லர்.

ஸ்லீன் என்றால் நமக்குத் தெரியாது, பாட்டா என்றால் தெரியும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கறுப்பு ஷூ வாங்கப் போவோமே, அதே பாட்டாதான். அந்த நிறுவனம் 1894இல் தொடங்கியது ஸ்லீனில். தொழிற்சாலை, தொழிலாளர் வீடு, மருத்துவமனை என்று ஊரே பாட்டாவுடையது. தோமாஷின் அப்பா ஓய்கென் ஸ்ட்ராய்ஸ்லர் அந்த மருத்துவமனையில் டாக்டர். அம்மா மார்த்தா. தோமாஷுக்கு மூத்தவன் ஒரு அண்ணன், பேத்தர்.

1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை செக் தலைநகர் பிராகுக்குள் நுழைந்தது. அந்தச் சமயத்தில் பாட்டா நிறுவனம் தன்னிடம் வேலை பார்த்த யூதர்களை, குறிப்பாக டாக்டர்களை, வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றி அனுப்பியது. அதில் ஸ்லீன் மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு. பணிமாற்றம் என்ற பெயரில் உயிர் காப்பாற்றப்பட்டது. ஸ்ட்ராய்ஸ்லர் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் சிங்கப்பூர். தோமாஷுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

1942

சிங்கப்பூரிலும் போர் வந்து சேர்ந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று ஊர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்குச் சற்று முன் மார்த்தாவும் இரண்டு பையன்களும் கப்பலேற்றப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு என்று நினைத்த பயணம் இந்தியாவில் வந்து முடிந்தது. அப்பா பின்தங்கினார். பின்னால் அவரும் ஒரு கப்பலில் தப்பப் பார்த்தார், ஜப்பானியர் அந்தக் கப்பலைத் தாக்கினார்கள், அதோடு அவர் கதை முடிந்தது. இந்த விவரம் பையன்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அப்பா ஜப்பானியச் சிறையில் இறந்தார் என்றே நினைத்திருந்தார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு மலாயாதான் நினைவுக்கு வந்தது. அதே ஜப்பானியப் படை அடுத்த ஓராண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனது. திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பல வீடுகளில் பேச்சும் இல்லை. என் தாத்தா அதில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது.

மார்த்தா டார்ஜிலிங் போய்ச் சேர்ந்தார். அங்கே பாட்டா செருப்புக்கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பையன்கள் மவுண்ட் ஹெர்மான் பள்ளியில் படித்தார்கள். ஸ்டாப்பர்ட் பின்னால் எழுதியதில் ஒரு காட்சி வருகிறது. அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி ஒருநாள் இரண்டு பையன்களையும் நடக்கக் கூட்டிப்போய், உங்கள் அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னார். அம்மா நேரில் சொல்லவில்லை. சொல்லும் தெம்பு அவருக்கு இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பையனுக்கு ஏதோ பெரிய விஷயம் என்பது புரிந்தது, ஆனால் உள்ளே ஏறக்குறைய எதுவுமே தோன்றவில்லை. அப்பாவின் முகமே நினைவில் இல்லாத பிள்ளைக்கு அழுகை எங்கிருந்து வரும்?

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான பதில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வருகிறது.

புதுப் பெயர்

1945இல் மார்த்தா இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மேஜர் கென்னத் ஸ்டாப்பர்டை மணந்தார். 1946இல் எல்லோரும் இங்கிலாந்து போனார்கள். தோமாஷ் டாம் ஆனான், பேத்தர் பீட்டர் ஆனான், இருவரும் ஸ்டாப்பர்ட் ஆனார்கள். ஒருமுறை சிறுவன் டாம் யதார்த்தமாகத் தன் "சொந்த அப்பா" பற்றி ஏதோ சொல்ல, உன்னை பிரிட்டிஷ்காரன் ஆக்கியதே நான்தான், அது தெரியாதா என்று மேஜர் கடிந்துகொண்டார். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் "சொந்த அப்பா" என்ற பேச்சு எப்படி எழும்?

மார்த்தா என்ன செய்தார் என்பதுதான் இந்த ஆய்வின் நடுவிஷயம். அவர் பொய் சொல்லவில்லை. செக் நாட்டில் பிறந்ததை மறைக்கவில்லை. ஹிட்லரால் ஓடிவந்தோம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் நாம் யூதர்களா, எந்த அளவுக்கு யூதர்கள் என்று கேட்டால் உதட்டைக் குவித்து ஒரு சின்னச் சத்தம் எழுப்புவார். நாஜி காலத்தில் தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே ஆபத்துதான் என்கிற மாதிரி ஏதோ சொல்லி முடித்துவிடுவார். இதைப் படித்தபோது நான் கொஞ்சநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அது "ச்சு"தான்.

இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். முப்பத்தைந்து வயதுக்குள் பெற்றோர், அக்கா தங்கைகள், கணவன், ஊர், மொழி எல்லாம் போய்விட்ட ஒரு பெண். கையில் இரண்டு பையன்கள். ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட ஒரு சொல் ஆட்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தன் குடும்பத்திலேயே பார்த்தவர். யாரும் திரும்பிப் பார்க்காத ஆங்கிலப் பெயர் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? வீட்டில் இருந்த கணவரோ வெளிநாட்டார் மீதும் யூதர் மீதும் வெறுப்பை ஒளிக்காதவர். அவர் எதிரில் அந்தப் பழைய வாழ்க்கையைப் பேச இடமே இல்லை. மகன் கேட்டுக்கொண்டதற்காகப் பிற்காலத்தில் சில பக்கங்கள் எழுதிக் கொடுத்தார். அதிலும் எல்லாம் இல்லை.

மகன் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதை அவரே மறைக்காமல் ஒத்துக்கொண்டார்: அவர் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1977இல் செக் நாட்டுக்குப் போனார், கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலைச் சந்தித்தார், சிறையில் வாடிய எழுத்தாளர்களுக்காகக் குரல் கொடுத்தார். பிறந்த ஊருக்குப் போகவில்லை. ஸ்லீனுக்கு அப்போது பெயர்கூட மாறியிருந்தது, கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவர் பெயரால் கோட்வால்டோவ் என்று. கேட்காத பிள்ளையும் சொல்லாத தாயும் சேர்ந்துதான் அந்த மௌனத்தை இத்தனை காலம் காப்பாற்றினார்கள். இது என் வீட்டுக்கும் பொருந்தும். எனக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது, நானும் உட்கார்ந்து கேட்கவில்லை.

ஒரு தாளில் வரைந்த குடும்பம்

1990களின் தொடக்கத்தில் செக் நாட்டிலிருந்து ஒரு உறவுப் பெண் லண்டன் வந்தார், மார்த்தாவின் அக்கா வழியில். லண்டன் நேஷனல் தியேட்டரில் உட்கார்ந்து, ஒரு தாளில் குடும்ப வரிசையை வரைந்து காட்டினார். அம்மாவுடன் பிறந்தவர்கள் இத்தனை பேர், இவர் வில்மா, இவர் பெர்ட்டா, இவர் ஆன்னி. இவர்கள் மூவரும் என்ன ஆனார்கள்? நாஜி முகாம்களில் இறந்தார்கள். இன்னொரு சகோதரி அர்ஜென்டினாவுக்குப் போய்ப் பிழைத்தார். அம்மா வழித் தாத்தா பாட்டி? அப்பா வழித் தாத்தா பாட்டி? நான்கு பேரும் நாஜிகளிடம் மாட்டி இறந்தவர்கள். நாம் எந்த அளவுக்கு யூதர்கள் என்று அவர் கேட்டதற்கு வந்த பதிலில் அளவே இல்லை, முழுக்க.

தன் அம்மாவுக்கு இத்தனை சகோதரிகள் இருந்ததே அவருக்கு அன்றுதான் சரியாகத் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், உலகப் புகழோடு, ஒரு மேஜை முன் உட்கார்ந்து தன் சித்தி பெரியம்மாக்களின் பெயர்களை முதல்முறையாகக் கேட்கிறார். கொஞ்ச காலத்தில் பிராகில் இன்னொரு உறவினர் பழைய ஆல்பம் ஒன்றைத் திறந்து காட்ட, அந்தப் பெண்களின் முகங்களையும் பார்த்தார்.

அப்போது அம்மா உயிரோடு இருக்கிறார். எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தும் ஸ்டாப்பர்ட் ஸ்லீனுக்குப் போகவில்லை, இதைப் பற்றி விரிவாக எழுதவும் இல்லை. எனக்குத் தோன்றுவது இது: அவர் அம்மாவுக்காகக் காத்திருந்தார். அம்மா பூட்டி வைத்த அறையை அம்மா கண்முன்னால் திறந்துபோட அவருக்கு மனமில்லை. தகவல் தெரிவது வேறு, அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு நடமாட அனுமதி கிடைப்பது வேறு. தாய் இறந்த பிறகுதான் பலர் வேரைத் தேடிப் போகிறார்கள் என்பதற்கு, பெட்டியில் கடிதம் கிடைத்தது என்பது மட்டும் காரணமில்லை. இனி இதனால் யாரும் நோகமாட்டார்கள் என்ற நிலை அப்போதுதான் வருகிறது.

அம்மா போன பிறகு

1996 அக்டோபரில் மார்த்தா இறந்தார், 85 வயது. அதிக நாள் ஆகவில்லை, மாற்றாந்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்டாப்பர்ட் என்ற பெயரை இனிமேல் பயன்படுத்தாதே என்று கேட்டிருந்தார். மகன் யூதர்களுக்காகக் குரல் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாகச் சுமந்த பெயர். எல்லா நாடகங்களின் அட்டையிலும் இருக்கும் பெயர். அதைத் திருப்பிக் கொடு என்கிறார், அதுவும் அம்மா இறந்த துக்கம் ஆறாத நேரத்தில். அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஸ்டாப்பர்ட் சுருக்கமாகப் பதில் எழுதினார்.

இந்தக் கடிதத்தை நான் பலமுறை யோசித்துவிட்டேன். இரண்டு பக்கமும் கதவு மூடுகிறது. ஸ்ட்ராய்ஸ்லர் என்ற பெயரில் அவருக்கு ஒரு நினைவும் இல்லை. செக் மொழியும் மறந்துவிட்டது. ஸ்டாப்பர்ட் என்ற பெயரோ இரவல் என்று இப்போது சொல்லிக் காட்டப்படுகிறது. நான் யாருடைய பிள்ளை, எந்த ஊர் ஆள் என்ற கேள்வி அறுபது வயதில் இப்படி நடுவீட்டில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

1998இல் டாமும் பீட்டரும் ஸ்லீன் போனார்கள். தூக்கிக்கொண்டு போகப்பட்ட ஊருக்கு ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தங்கள் காலாலேயே திரும்பினார்கள். அந்தப் பழைய தலைமை மருத்துவரின் மகள் ஒருவர், மூதாட்டி, அவர்களைச் சந்தித்தார். சின்ன வயதில் கண்ணாடி உடைந்து அவர் கையில் வெட்டுப்பட்டது. அன்று தையல் போட்டவர் டாக்டர் ஸ்ட்ராய்ஸ்லர். அவர் கையை நீட்டிக் காட்டினார். தழும்பு இன்னும் இருந்தது. ஸ்டாப்பர்ட் அதைத் தொட்டார். எதிர்பாராமல் துக்கம் அவரைப் பிடித்தது.

அப்பா வைத்திருந்த ஒரு பொருள்கூட அவரிடம் இல்லை. பேனா இல்லை, கடிகாரம் இல்லை, அப்பா தொட்ட எதுவும் இல்லை. அப்பாவின் கை பட்ட ஒரே அடையாளம் வேறொருவர் உடம்பில் இருந்தது. செலுத்த வேண்டிய துக்கத்தில் ஒரு சிறு பகுதியை அந்த நேரத்தில் செலுத்தியதாக அவர் பின்னால் எழுதினார். டார்ஜிலிங்கில் அந்தப் பெண்மணியோடு நடந்துபோன சிறுவனுக்கு அன்று வராத அழுகை இதுதான்.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம். குடும்ப வரிசை தெரிந்தபோது அவர் அதிர்ந்தார், ஆனால் உறவு அப்போது வரவில்லை. தாளில் இருந்தவை பெயர்கள். தழும்பைத் தொட்டபோதுதான் அப்பா ஒரு ஆளாக வந்தார், ஊசி நூலோடு குனிந்து ஒரு குழந்தையின் கையைத் தைக்கும் டாக்டராக. மரபணுச் சோதனையோ ஆவணமோ உனக்கு யார் உறவு என்பதைச் சொல்லிவிடும். அந்த உறவை மனதுக்குள் கொண்டுவர இந்த மாதிரி ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

ஒரு ஒப்பீடு, சுருக்கமாக

அதே 1937இல், ஒன்றரை மாதம் முன்னால், பிராகில் பிறந்தவர் மேடலின் ஆல்பிரைட், அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர். அவர் அப்பா யோசெப் கோர்பெல் 1948இல் காஷ்மீர் விவகாரத்துக்கான ஐநா ஆணையத்தில் இருந்தவர், நம் வரலாற்றுப் புத்தகங்களிலும் வருவார். பெற்றோர் 1941இல் இங்கிலாந்தில் கத்தோலிக்கராகி, பிள்ளைகளை அப்படியே வளர்த்தார்கள். அம்மா 1989இல் இறந்தார். 1997 பிப்ரவரியில், பதவியேற்ற சில நாட்களில், தாத்தா பாட்டிகளில் மூவர் யூத இன அழிப்பில் இறந்த செய்தி ஒரு பத்திரிகையாளரின் தேடலால் வெளிவந்தது. உனக்கு முன்பே தெரியாமலா இருக்கும் என்று பலர் அவரைக் குடைந்தார்கள். கேட்க அம்மா இல்லை. 1996இல் பிராகின் பிங்காஸ் யூதத் தொழுகைக் கூடத்துக்குப் போயிருக்கிறார். இறந்த ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அன்று எந்தப் பெயரைத் தேடுவது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு போனபோது அப்பா வழித் தாத்தா பாட்டியின் பெயர்களைச் சுவரில் பார்த்தார்.

வித்தியாசம் என்னவென்றால், ஆல்பிரைட்டுக்கு ஊர் முழுக்கப் பார்க்க, கேமரா முன்னால் தெரிய வந்தது. ஸ்டாப்பர்டுக்கு ஒரு உறவுக்காரி மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார். அது பெரிய பாக்கியம்.

இருபது ஆண்டுகள் கழித்து

1999இல் ஸ்டாப்பர்ட் ஒரு பத்திரிகையில் இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். நாடகமாக்க மேலும் இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நடுவில் குரோஷிய எழுத்தாளர் ஒருவர் தன் நாவலில் இவர் பெயரைச் சொல்லியே, தன் குடும்பத்தின் அழிவைப் பாராமல் சுகமாக வாழ்ந்தவர்களில் ஒருவர் என்று குற்றம்சாட்டினார். அது நியாயம்தான் என்று ஸ்டாப்பர்டே சொன்னார். 2020 தொடக்கத்தில் லண்டனில் அரங்கேறியது "லியோபோல்ட்ஸ்டாட்". வியன்னாவின் ஒரு யூதக் குடும்பத்தை 1899 முதல் 1955 வரை தொடரும் கதை. முடிவில் லியோ என்ற இளைஞன் வருகிறான். சின்ன வயதிலேயே இங்கிலாந்து போய், மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்தவன், எதுவும் நினைவில் இல்லாதவன். அவன் கையில் ஒரு தழும்பு இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது வெட்டுப்பட்டு, வீட்டிலேயே தையல் போட்ட தழும்பு. அதைக் கொண்டுதான் அந்த மறந்துபோன நாள் அவனுக்குத் திரும்புகிறது. பிறகு குடும்பத்தார் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன, ஒவ்வொருவரும் எங்கே இறந்தார் என்பதோடு. நாடகம் அங்கே முடிகிறது.

நிஜத்தில் ஊர்க்காரப் பெண்ணின் கையில் இருந்த தழும்பை நாடகத்தில் அவர் பையனின் கைக்கே மாற்றிவிட்டார். இதைக் கவனித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தன் உடம்பிலேயே அப்பாவின் தையல் இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கமாகத்தான் எனக்குப் படுகிறது. அந்த நாடகத்தில் அவருடைய மகனும் நடித்தார். ஸ்டாப்பர்ட் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, கடைசிவரை ஆங்கில எழுத்தாளராகவே இருந்து 2025 நவம்பரில், 88 வயதில் இறந்தார்.

மார்த்தாவைப் பற்றி ஒன்றைத் திரும்பச் சொல்ல வேண்டும். லண்டன் வந்த அந்த உறவுப் பெண் யாரோ அல்ல, மார்த்தாவின் சொந்த அக்காவின் வழி. ஒரு வீட்டில் பேச்சு நின்றுபோனாலும் இன்னொரு கிளையில் யாரோ பெயர்களை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள், ஆல்பத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியம்மா தேவகோட்டையில் இருக்கிறார். எண்பத்தொன்பது வயது, காது மந்தம், நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. கப்பலில் வந்தபோது அவருக்குப் பத்து வயது. அம்மா காரியத்துக்கு வந்திருந்தபோது அந்தப் படம் இன்னும் என் கைக்கு வந்திருக்கவில்லை. நேற்று போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் பெரியம்மா, ஒரு படம் காட்டணும் என்றேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பூச்சாடி வச்ச படமா?" என்று கேட்டார்.